புளியாரையமிலமா, ஒட்சாலிக்கமிலமா?

கொக்குவிலிலிருந்து

சொற்பட்டியல் குழுவினருக்கு வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். போன கிழமை நியமிப்புச் செய்முறை நடந்தது, ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு மற்றதன் செறிவை அறிகிற வேலை. கூம்புக் குடுவைக்குள் சூடாக்கிய ஒட்சாலிக்கமிலம், அளவிக்குள் பொற்றாசியம் பரமங்கனேற்று. முதலாவது ஊதாத் துளி விழுந்து போக மனமில்லாமல் அப்படியே நிற்கும். பிள்ளைகள் குடுவையை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போவார்கள். பிறகு அது மறையும். அதற்குப் பிறகு விழுகிற துளிகள் விழுந்தவுடனேயே மறையும். முதல் துளியில் உண்டான மங்கனீசு அயன் அடுத்த துளிக்கு ஊக்கியாகிவிடுகிறது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னால் நின்ற ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், ஒட்சிசன் கனக்க இருக்கிறதாலயா இதுக்கு ஒட்சாலிக் எண்டு பேர்?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஓம் என்று தலையாட்டிவிட்டேன். இரவு அது மனதை அரித்தது. ஒட்சாலிக்கமிலத்தில் நான்கு ஒட்சிசன் அணுக்கள். சல்பூரிக்கமிலத்திலும் நான்குதான். அதற்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் இல்லை? தேடிப் பார்த்தால், ஒட்சாலிசு என்பது ஒரு செடிச் சாதியின் பெயராம், அதிலிருந்துதான் அமிலத்துக்குப் பெயர் வந்ததாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிற புளியாரை!

என் கேள்வி இதுதான். தமிழில் புளியாரையமிலம் என்று எழுதலாமா? அப்படி எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் பிழையாகத் தலையாட்டியிருக்க மாட்டேன்.


மானிப்பாயிலிருந்து

தங்கச்சி, நல்ல கேள்வி. சொற்பட்டியல் வேலையில் இந்த அமிலத்தை நானும் பல தடவை கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இப்போது நின்று பார்த்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் மாணவிக்கு ஒரு சமாதானம். அவள் பாதி சரி. ஒட்சிசனும் ஒட்சாலிசும் ஒரே கிரேக்கச் சொல்லில் பிறந்தவை. கூர்மை, புளிப்பு இரண்டையும் குறிக்கிற சொல் அது. இலவோசியர் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் எல்லா அமிலங்களுக்கும் இந்த வாயுதான் மூலம் என்று நம்பி, "புளிப்பை ஆக்குவது" என்ற பொருளில் ஒட்சிசனுக்குப் பெயர் வைத்தார். அது பிழை. ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் கிடையவே கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. செடியின் பெயரோ பிழையில்லாதது. இலையை மென்று பார்த்தவன் வைத்த பெயர்.

ஆக, ஒட்சாலிக் ஒட்சிசனின் பிள்ளை இல்லை, ஒன்றுவிட்ட சகோதரம். தமிழ் எழுத்தில் இரண்டும் "ஒட்சி", "ஒட்சா" என்று ஒரே முகத்தோடு நிற்பதால் வகுப்பில் இந்த மயக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அமிலத்தின் சொந்தக் கதையும் சுவையானது. ஐரோப்பாவில் முன்பு காட்டுப் புளியாரைச் சாற்றைக் காய்ச்சி ஓர் உப்பு எடுப்பார்கள். துணியில் படிந்த மைக்கறையையும் கறளையும் போக்க அது நல்ல சாமான். புளியாரை உப்பு என்றே அதைச் சொல்லலாம், இரசாயனப்படி அது பெரும்பாலும் பொற்றாசியம் ஐதரசன் ஒட்சலேற்று. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், சுவீடனில் செலே என்ற மருந்துக்கடைக்காரர் சீனியில் நைத்திரிக்கமிலத்தை ஊற்றிக் காய்ச்சி ஒரு பளிங்கு அமிலத்தை எடுத்தார். 1776இல் அது வெளியே தெரிந்தபோது அதன் பெயர் சீனியமிலம். எட்டு வருடம் கழித்து, 1784இல், சீனியிலிருந்து வந்ததும் புளியாரை உப்புக்குள் இருந்ததும் ஒரே அமிலம்தான் என்று செலேயே காட்டினார். 1787இல் பிரெஞ்சுக்காரர்கள் இரசாயனப் பெயர்களை எல்லாம் ஒழுங்குபடுத்தியபோது சீனியமிலம் விழுந்தது, புளியாரை வென்றது. பாருங்கள், பெயருக்கான போட்டி அந்தக் காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. 1824இல் வோலர் என்ற இரசாயனவியலாளர் சயனசன் வாயுவிலிருந்து இதே அமிலத்தை ஆக்கினார். அதற்குச் செடியும் வேண்டியிருக்கவில்லை, சீனியும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் செடியின் பெயர் போகவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். எனக்குப் பெரிய சந்தோசம் இங்கேதான்.

நேற்றுக் காலை கிணற்றடிக்குப் போய் ஒரு கொடியைப் பிடுங்கி வந்து மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மூன்று சிற்றிலைகள், ஒவ்வொன்றும் இதய வடிவம், கூர் முனை காம்பைப் பார்த்தபடி. வெயில் ஏறினாலும் இரவானாலும் நடு நரம்பில் மடிந்து குடை சுருக்கியது போலத் தொங்கும். நெல்மணியளவு மொட்டு, விரிந்தால் ஐந்து மஞ்சள் இதழ். காய் வெண்டிக்காயின் குஞ்சு போல ஐந்து வரையோடு நிமிர்ந்து நிற்கிறது. முற்றிய காயை விரலால் தொட்டேன், "டிக்" என்று வெடித்து விதை என் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. ஓர் இலையை வாயில் போட்டேன். நாக்கின் இரண்டு ஓரத்திலும் புளிப்பு.

பெயர் வைத்த நம் ஆட்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆரை என்பது வயலிலும் குளக்கரையிலும் வருகிற நாலிலைக் கீரை, பூக்காத பன்னச் சாதி. அதைப் போல இலை, ஆனால் வாயில் வைத்தால் புளிக்கிறது. ஆகவே புளியாரை. நாம் சம்பல் போடுகிற வல்லாரை இன்னொரு ஆரை. தாவரவியலாளர் கணக்கில் மூன்றும் மூன்று குடும்பம், ஒன்றுக்கொன்று உறவே இல்லை. சமையற்கட்டுக் கணக்கில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கிரேக்கன் நாக்கால் அறிந்ததையே தமிழனும் நாக்கால் அறிந்தான், இருவரும் புளிப்பைத்தான் பெயரில் வைத்தார்கள். ஒட்சாலிசுக்குப் புளியாரை என்பது ஒலிபெயர்ப்பும் இல்லை, வலிந்து செய்த மொழிபெயர்ப்பும் இல்லை. ஏற்கெனவே இருந்தது.

"அமிலம்" என்ற சொல்லும் புளிப்பைக் குறிக்கிற வடசொல்லில் இருந்து வந்ததுதான். அப்படியானால் புளியாரையமிலம் என்பது புளிப்புக்கு மேல் புளிப்பு. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஐரோப்பிய மொழிகளில் உள்ள பெயரும் அப்படியே இரட்டைப் புளிப்புத்தான்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. நாம் ஒட்சாலிக் என்கிறோம், தமிழ்நாட்டார் ஆக்சாலிக் என்கிறார்கள். நமக்கு ஒட்சிசன், அவர்களுக்கு ஆக்சிஜன். நமக்கு நியமிப்பு, அவர்களுக்குத் தரம்பார்த்தல். நாங்கள் சாதி என்று எழுதுவதை அவர்கள் பேரினம் என்கிறார்கள் (அவர்கள் செய்தது நல்லது என்றே நினைக்கிறேன். "புளியாரை என்ன சாதி" என்று பரீட்சைத்தாளில் கேட்பது நன்றாகவா இருக்கிறது?). இப்படிக் கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் பிரிந்து நிற்கிற சொற்கள் நடுவே, புளியாரை இரண்டு பக்கமும் ஒரே பெயர். சித்த வைத்தியர் அங்கேயும் புளியாரைதான் என்பார், இங்கேயும் புளியாரைதான் என்பார்.

ஒலிபெயர்ப்பில் நம் பாடப்புத்தகங்கள் செய்த கூத்தையும் கொஞ்சம் பாருங்கள். தேசிக்காய்க்குள் இருப்பது சித்திரிக்கமிலம். சித்திரை மாதத்தோடு ஏதோ தொடர்பு என்று நான் படிக்கிற காலத்தில் நம்பியிருந்தேன். பழப்புளிக்குள் இருப்பது தாத்தாரிக்கமிலம். இதற்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எறும்பிலிருந்து பெயர் பெற்றது போமிக்கமிலம், அதில் எறும்பு இருந்த தடயமே இல்லை.

அதற்காக ஒலிபெயர்ப்பே கூடாது என்கிற கட்சி நான் இல்லை. எங்கள் ஊர் மருத்துவமனையில் இருந்து தமிழில் மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியரை எடுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொல் தேடித் தேடி எடுத்தவர், இரசாயன நூலுக்கு வந்ததும் 1875இல் அதற்கு "கெமிஸ்தம்" என்றே பெயர் போட்டார். அம் விகுதி ஒன்றைச் சேர்த்துத் தமிழாக்கிவிட்டார்! கையில் நல்ல தமிழ்ச் சொல் இருக்கிற இடத்தில் அதையே எடுப்பது, இல்லாத இடத்தில் கூசாமல் கடன் வாங்குவது. அந்த வழி எனக்குப் பிடிக்கும். புளியாரை விசயத்தில் சொல் கையில் இருக்கிறது.

ஒன்றிரண்டு மாற்றுச் சொற்களையும் யோசித்து விட்டுவிட்டேன். "புளியமிலம்" என்றால் எல்லோரும் பழப்புளியைத்தான் நினைப்பார்கள், அது வேறு அமிலம். "ஆரையமிலம்" என்றால் பன்னத்துக்குப் போய்விடும். முழுப்பெயர்தான் சரி: புளியாரையமிலம். என் வாக்கு அதற்கு.


யாழ் நகரிலிருந்து

ஐயாவின் கடிதம் வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஆள் நான், இந்தச் சாமானை ஒவ்வொரு நாளும் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறேன். சலத்தை (சிறுநீரை) சுழற்றி அடியில் படிந்ததில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் வைத்தால், கடித உறையின் பின்பக்கம் போல, நாலு மூலையிலிருந்தும் கோடு வந்து நடுவில் சேர்கிற பளிங்குகள் தெரியும். கல்சியம் ஒட்சலேற்று. சிறுநீரகக் கற்களில் மிகக் கூடுதலானவை இந்த வகைதான். அறிக்கையில் அந்த இரண்டு சொல்லை எழுதாத கிழமை எனக்கு இல்லை.

இனிப் புளியாரையமிலம் என்று வைத்தால் இதற்கு என்ன எழுதுவது? கல்சியம் புளியாரையேற்றா? சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த தங்கச்சி சிரித்துவிட்டா. கலத்துக்குள் சுவாச வட்டத்தில் வருகிற ஒட்சலோஅசெற்றிக்கமிலத்துக்கு என்ன செய்வீர்கள்? ஒரு சொல்லை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கக்கூடாது, அதன் பிள்ளைகுட்டிகளையும் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும்.

அடுத்தது எனக்கு இதைவிடப் பெரிய பயம். கல்லடைப்பு வந்த ஒருவருக்கு "புளியாரையமிலம் உள்ள சாப்பாட்டைக் குறையுங்கள்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தால், "நான் புளியாரை தொட்டதே இல்லையே" என்று நிம்மதியாகப் போய்விடுவார். புளியாரையை யார் கிலோக் கணக்கில் சாப்பிடுகிறார்கள்? ஒட்சலேற்று கூடிய சாமான்கள் பசளி, சில கீரை வகை, கச்சான், இவைதான். கருணைக்கிழங்கு தொண்டையைக் கடிப்பது ஊசி ஊசியான கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்கால். காமரங்காய்ச் சாறும் விளிம்பிக்காய்ச் சாறும் வெறும் வயிற்றில் ஒரு குவளை நிறையக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் வந்திருக்கிறது. அந்த இரண்டு மரமும் புளியாரையின் குடும்பமே என்பது உண்மை, ஆனால் சனத்துக்கு அது தெரியாது. போதாக்குறைக்குப் பெயரில் "புளி" வேறு இருக்கிறது. பழப்புளியை விட்டால் போதும் என்று நினைத்து, சாம்பாரை நிறுத்திவிட்டுப் பசளிக்கறியைத் தொடர்வார்கள்.

சீனியமிலம் என்ற பெயர் விழுந்த கதையை ஐயா சொன்னார். சீனியைப் பார்த்து வைத்த பெயர் ஆட்களைச் சீனி பக்கம் திருப்பிவிடும். புளியாரையைப் பார்த்து வைத்தாலும் அதுதானே நடக்கும்?


மானிப்பாயிலிருந்து

தம்பி, நோயாளி விசயத்தில் என்னிடம் பதில் இல்லை. நான் புத்தகத்தைத்தான் நினைத்தேன், மருந்துச்சீட்டை நினைக்கவில்லை.

ஒட்சலேற்றுக்கும் நேற்று இரவு மல்லுக்கட்டிப் பார்த்தேன். "புளியாரை உப்பு" என்று எல்லா ஒட்சலேற்றுக்கும் பொதுப்பெயர் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது நான் முதலில் சொன்ன பழைய கறைநீக்கி உப்பின் பெயராகவே இருக்கிறது, இரண்டும் குழம்பிவிடும். "கல்சியத்தின் புளியாரையமில உப்பு" என்றால் அறிக்கையின் கட்டத்துக்குள் அடங்காது. கைவிட்டேன்.

ஒன்றை மட்டும் விடமாட்டேன். தங்கச்சியின் மாணவி கேட்ட கேள்விக்கு ஒலிபெயர்ப்பு ஒருநாளும் பதில் சொல்லப்போவதில்லை. ஒட்சாலிக் என்ற சொல்லை எத்தனை தரம் எழுதினாலும் அதற்குள் செடி தெரியாது. பாலில் கண்ட அமிலத்தை இலத்திக்கமிலம் என்று எழுதி எழுதிப் பாலை மறந்துவிட்டோம், அதே கதைதான். தங்கச்சி, வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்து எது ஒட்டுகிறது என்று எழுதுங்கள். பிறகு பார்ப்போம்.


கொக்குவிலிலிருந்து

சொல்லிப் பார்த்தேன். நான் திட்டமிடாத ஒன்றும் சேர்ந்து நடந்தது.

வீட்டிலிருந்து ஒரு பிடி புளியாரையோடு போனேன். ஆளுக்கு இரண்டு இலை. மென்றுவிட்டு முகத்தைச் சுழித்தார்கள். பெயரின் கதையைச் சொன்னேன். அன்றைக்குத் தலையாட்டியது பிழை என்றும் சொன்னேன். கேள்வி கேட்ட பிள்ளை, "அப்ப இது புளியாரையமிலம் தானே ரீச்சர்" என்றாள். நான் அந்தச் சொல்லை அதுவரை வாயால் சொல்லவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

பிறகு கரைசல் தயாரிக்க வேண்டும். லீற்றருக்கு 6.3 கிராம் நிறுத்து, கனமானக் குடுவையில் குறி வரை நிரப்புகிற வழமையான வேலை. காய்ச்சி வடித்த நீர் இரண்டு குழுவுக்குத்தான் போதுமாக இருந்தது. மூன்றாவது குழு எனக்குச் சொல்லாமல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கிறேன், குடுவை பால் கலந்தது போல வெள்ளையாக நிற்கிறது. "என்ன பிள்ளையள் இது, பாலோ?" என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு விளங்கியது. சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே கல்சியம் இங்கே ஒட்சலேற்றைப் பிடித்துக்கொண்டு கரையாமல் வெளியே வந்துவிட்டது.

ஏச வாயெடுத்தேன், யாழ் நகர் அண்ணையின் கடிதம் ஞாபகம் வந்தது, ஏசவில்லை. கடித உறைப் பளிங்கைப் பற்றிச் சொன்னேன். இந்த வெள்ளைதான் ஆட்களின் சிறுநீரகத்துக்குள் கல்லாக வளர்கிறது என்றேன். பலகையில் சமன்பாட்டை எழுதச் சொன்னேன். எழுதிய பையன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான்: "புளியாரையமிலமும் கல்சியமும் சேர்ந்து கல்சியம் ஒட்சலேற்று." ஒருவருக்கும் அது விகற்பமாகப் படவில்லை. எனக்கும் அப்போது படவில்லை, வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களைத் திரும்ப வாசித்தபோதுதான் பட்டது. அமிலத்துக்குத் தமிழ்ப் பெயர், உப்புக்குக் கடன் பெயர். இரண்டையும் ஒரே வரியில் வைத்துக்கொண்டு அவன் தடங்கவே இல்லை.

பரீட்சைத்தாளில் வருவது ஒட்சாலிக்கமிலம் என்பதால் கொப்பியில் அதையும் பக்கத்தில் எழுதவைத்திருக்கிறேன்.


மானிப்பாயிலிருந்து

சரி. அந்தப் பையன் எழுதியபடியே சொற்பட்டியலில் போடுகிறேன்.

புளியாரை: ஒட்சாலிசுச் சாதிச் செடிகளின் பொதுப்பெயர். நம் கிணற்றடியில் நிற்பது அதில் ஓர் இனம், ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு.

புளியாரையமிலம்: ஒட்சாலிக்கமிலம். செடியின் பெயரால் வந்தது, ஒட்சிசனால் அல்ல. கட்டுரையில் முதல் தடவை இரண்டு பெயரும் வரட்டும், பிறகு எழுதுபவர் விருப்பம். நோயாளிகளுக்கான துண்டுப்பிரசுரத்தில் இந்தச் சொல் வேண்டாம்.

ஒட்சலேற்று: மேற்படி அமிலத்தின் உப்பு. மாற்றுச் சொல் இல்லை, தேடவும் வேண்டாம்.

தம்பி, மூன்றாவது வரி உங்களுக்காக. துண்டுப்பிரசுரக் குறிப்பும் உங்களுடையதுதான், சொற்களைத் திருத்த வேண்டுமென்றால் சொல்லுங்கள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறவர்கள் இந்தச் செடிக்கு வேறு பெயர் வழங்கினால் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் எழுதி அனுப்புங்கள். அடுத்தது தாத்தாரிக்கமிலம்.